'நிகழ்காலம்' என்ற பெயரால் வரும் குழப்பம்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் செக்கிங் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறீர்கள். சென்ற மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த பையர் (சரக்கு வாங்குபவர்) ஒருவர் உங்கள் மேசையருகே நின்று, "வாட் டூ யூ டூ?" என்று கேட்டார். "ஐ ஆம் செக்கிங்" என்றீர்கள். அவர் புன்னகைத்துவிட்டு, அதையே வேறு சொற்களில் மறுபடி கேட்டார். உங்கள் பதிலில் என்ன குறை என்று இன்றுவரை விளங்கவில்லை. சிம்பிள் பிரசென்ட் டென்ஸ் பற்றிப் பள்ளியில் படித்த விதி நினைவில் இருக்கிறது. பேச வாயெடுத்தால் வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

நான் பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேராவது இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆகவே பொறுமையாக, விரிவாகவே எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் படித்துக்கொண்டு போகாதீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் பதிலில் பெரிய இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அவர் கேட்டது ஒன்று, நீங்கள் சொன்னது இன்னொன்று. "உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று அவர் கேட்டார். "இந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு உரிய பதிலை நீங்கள் தந்தீர்கள். தமிழில் இரண்டையும் "என்ன செய்கிறீர்கள்?" என்றே கேட்டுவிடலாம். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அப்படிக் கேட்டால் தொழிலைச் சொல்கிறோம். வீட்டில் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டால் கையில் இருக்கும் வேலையைச் சொல்கிறோம். இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம். ஆங்கிலம் இந்த இரண்டையும் வினைச்சொல்லிலேயே பிரித்துவிடுகிறது. "வாட் டூ யூ டூ?" என்றால் தொழில். "வாட் ஆர் யூ டூயிங்?" என்றால் இந்த நிமிடம்.

குழப்பத்தின் வேர் 'நிகழ்காலம்' என்ற பெயரில் இருக்கிறது. பள்ளியில் சிம்பிள் பிரசென்ட் என்பதை 'சாதாரண நிகழ்காலம்' என்று மொழிபெயர்த்துத் தந்தார்கள். நிகழ்காலம் என்றால் இப்போது நிகழ்வது என்று நம் மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இந்த வடிவம் பெரும்பாலும் இப்போது நிகழ்வதைச் சொல்வதே இல்லை. "ஐ டிரிங்க் காஃபி" என்று ஒருவர் சொல்லும்போது அவர் கையில் காப்பிக் கோப்பை இருக்க வேண்டிய தேவை இல்லை. அவர் காப்பி குடிக்கும் பழக்கம் உள்ளவர், அவ்வளவே. நேற்றும் குடித்தார், நாளையும் குடிப்பார்.

இப்படி மூன்று காலத்துக்கும் பொதுவாக இருப்பதைத் தமிழ் எப்படிச் சொல்கிறது? "சூரியன் கிழக்கில் உதிக்கும்." "தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும்." "அப்பா காலையில் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார்." இன்றைய பள்ளி இலக்கணத்தில் எதிர்காலம் என்று படிக்கிறோமே, அந்த வடிவத்தில்! தொல்காப்பியத்தின் வினையியலில் இதற்கென்றே ஒரு நூற்பா உண்டு. மூன்று காலத்திலும் ஒரே தன்மையாய் இருக்கும் பொருளை நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்கிறது அது. உரையாசிரியர்கள் 'மலை நிற்கும்' என்று எடுத்துக்காட்டுகிறார்கள்; இன்று நாம் எதிர்காலம் என்கிற அதே வடிவம். மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். ஆங்கிலத்தின் சிம்பிள் பிரசென்ட் இந்த 'மலை நிற்கும்' வகைதான். நிகழ்காலம் என்ற பெயரை ஓரமாக வைத்துவிட்டு, 'வழக்கத்தைச் சொல்லும் வடிவம்' என்று உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி ஒரு சோதனை. சொல்ல நினைப்பதை முதலில் தமிழில் நினைத்துக்கொள்ளுங்கள். வினையின் இறுதியில் 'கொண்டிருக்கிறேன்' என்று போட்டுப் பாருங்கள். நீங்கள் நினைத்த பொருள் அப்படியே நின்றால், 'ஐ'க்குப் பின் 'ஆம்' சேர்த்து வினையின் முடிவில் 'இங்' போடுங்கள்: "ஐ ஆம் ஈட்டிங்." பொருள் கெட்டால், அல்லது 'வழக்கமாக' என்ற சொல்லை முன்னால் வைக்கும்போது பொருத்தமாக இருந்தால், சிம்பிள் பிரசென்ட்: "ஐ ஈட் அட் ஒன் ஓ கிளாக்." 'ஒரு மணிக்குச் சாப்பிடுகிறேன்' என்பதை 'ஒரு மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று மாற்றினால் உங்கள் காதுக்கே பொருந்தாது. உங்கள் காதுக்குத் தெரிந்திருக்கிறது, அதை நம்புங்கள்.

வழக்கத்தைத் தமிழில் 'வருவேன்', 'செய்வேன்' என்று சொல்வதால் இன்னொரு பக்கம் சறுக்கவும் செய்கிறோம். "தினமும் எட்டு மணிக்கு வருவேன்" என்பதை "டெய்லி ஐ வில் கம் அட் எய்ட்" என்று சொல்லாதவர்கள் குறைவு. நம் ஊரில் அது புரிந்துவிடும். வெளியிலிருந்து வந்தவருக்கு, இனிமேல்தான் வரப்போகிறீர்கள் என்று, ஏதோ வாக்குறுதி தருவதுபோல் கேட்கும். "ஐ கம் அட் எய்ட் எவ்ரி டே" என்றால் முடிந்தது. எதிர்மறையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். "மீன் சாப்பிட மாட்டேன்" என்ற நினைப்பில் "ஐ வில் நாட் ஈட் ஃபிஷ்" என்று சொன்னால், பரிமாறியவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுப்பதுபோல் ஆகிவிடும். நீங்கள் சொல்ல வந்தது "மீன் சாப்பிடுவதில்லை" என்பதுதானே? அதற்கு "ஐ டோன்ட் ஈட் ஃபிஷ்."

இந்த 'வதில்லை' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். செய்வதில்லை, போவதில்லை, குடிப்பதில்லை என்று தமிழில் வந்தால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் 'டோன்ட்' அல்லது 'டஸன்ட்' கேட்கும். 'செய்யவில்லை' என்பது வேறு, அது பெரும்பாலும் நடந்து முடிந்த நேரத்தைச் சேர்ந்தது. "ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதில்லை" என்றால் "ஐ டோன்ட் வொர்க் ஆன் சண்டேஸ்." "ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யவில்லை" என்றால் கடந்துபோன ஒரு ஞாயிறு, அதற்கு 'டிட் நாட்'. தமிழே உங்களுக்கு வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அடுத்து, உங்கள் நாவில் ஏன் 'செக்கிங்' என்ற வடிவமே முதலில் வருகிறது என்று பார்ப்போம். கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங், டையிங். ஆங்கில வினைகள் நம் தொழிலுக்குள் வந்தபோது பிரிவுகளின் பெயராக, 'இங்' ஒட்டிக்கொண்டே வந்துவிட்டன. "நான் செக்கிங்கில் இருக்கிறேன்" என்று ஆறு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறீர்கள். 'செக்' என்ற தனி வினை உங்களுக்கு அந்நியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அது ஏற்கனவே உங்கள் வாயில் இருக்கிறது. பேச்சில் "இதைச் செக் பண்ணு", "அதைப் பேக் பண்ணு" என்று சொல்கிறீர்கள் அல்லவா? அதில் உள்ள 'செக்', 'பேக்' என்பவைதான் அந்த மூல வினைகள். பண்ணு என்பதை எடுத்துவிட்டு முன்னால் 'ஐ' வையுங்கள்: "ஐ செக்." "ஐ பேக்." சிம்பிள் பிரசென்ட் பிறந்துவிட்டது.

இந்தப் 'பண்ணு' இன்னும் ஓர் உதவி செய்யும். வகுப்பில் இதைச் சொல்லும்போது மட்டும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். "அவள் பேக் பண்ணுகிறாள், பேக் பண்ணுவாளா, பேக் பண்ணுவதில்லை" என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 'பேக்' அசையாமல் நிற்கிறது. ஆள், கேள்வி, மறுப்பு எல்லாவற்றையும் பண்ணு சுமக்கிறது. ஆங்கிலத்தில் 'டூ', 'டஸ்' என்ற சொற்கள் செய்வது இதே வேலையை. "டஸ் ஷி பேக்?" "ஷி டஸ் நாட் பேக்." சுமையை 'டஸ்' வாங்கிக்கொண்டது, 'பேக்' வெறுங்கையோடு நிற்கிறது. சாதாரண வாக்கியத்தில் மட்டும் 'டஸ்' மறைந்துவிடும். மறையும்போது தன்னிடம் இருந்த 'ஸ்' ஒலியை வினையிடம் கொடுத்துவிட்டுப் போகும்: "ஷி பேக்ஸ்." கேள்வி கேட்கும்போது 'டஸ்' திரும்பி வந்து அந்த ஒலியை வாங்கிக்கொள்ளும்.

ஆகவே "டஸ் ஷி பேக்ஸ்?" என்பதோ, "ஹி டஸன்ட் கோஸ்" என்பதோ வர வாய்ப்பில்லை. ஒரு வாக்கியத்தில் அந்த 'ஸ்' ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். விதியாக மனப்பாடம் செய்வதைவிட, கை மாறும் பொருளாக இதை நினைத்துக்கொண்டவர்கள் பிறகு தவறுவது குறைவு. என் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கேள்வியில் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் கேள்வியின் அடையாளமான 'ஆ' கடைசியில் வரும்: குடிப்பீர்களா, தெரியுமா. வாக்கியம் முழுவதையும் சொல்லிவிட்டு, முடிக்கும்போது கேள்வியாக்கிவிடலாம். ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும் முன்பே கேள்வி என்று முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் 'டூ' முதலில் நிற்கும். "டூ யூ டிரிங்க் டீ?" "டூ யூ நோ திஸ் பிளேஸ்?" இதற்குப் பழக்கம்தான் வழி. முதல் இரண்டு வாரம் கேள்விகளையே அதிகமாகச் சொல்லிப் பழகச் சொல்வேன்.

மூன்றாம் ஆளுக்கு வரும் அந்த 'ஸ்' பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மொழியில் வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறார்கள் என்று ஆளுக்கு ஒரு விகுதி. இத்தனையையும் மூன்று வயதில் பிழையில்லாமல் பேசிய நமக்கு, ஆங்கிலத்தின் ஒற்றை 'ஸ்' ஏன் நழுவுகிறது? தமிழில் விகுதி இல்லாவிட்டால் யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாது; "வருகிறேன்" என்று மட்டும் சொன்னாலே 'நான்' அதற்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹி', 'ஷி' என்று ஆளை எப்போதும் முன்னால் சொல்லியாகிவிட்டது. பிறகு வரும் 'ஸ்' புதிதாக எதையும் சொல்வதில்லை. பயனில்லாததைக் காது விட்டுவிடுகிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியின் மரபான வட்டாரப் பேச்சிலேயே இந்த 'ஸ்' இல்லாமல் 'ஹி கோ' என்பார்கள். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் 'ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'எத்' என்ற பழைய விகுதியே இருக்கிறது. வடபகுதிப் பேச்சிலிருந்து பரவி வந்த 'ஸ்' பின்னர் பொது ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. ஆகவே அதை விட்டுவிட்டால் பேச்சு புரியாமல் போகாது. கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளவும் தேவையில்லை. ஆனால் தேர்விலும் நேர்முகத்திலும் அது உடனே கண்ணில் படும் என்பதால் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

இதில் தமிழரைத் தடுமாற வைக்கும் இடம் ஒன்று மரியாதை. "எங்கள் மேனேஜர் ஒன்பது மணிக்கு வருகிறார்." நம் மனத்தில் 'ஆர்' விகுதி, பலர் என்பதற்கு உரியது, ஒருவருக்கு மரியாதையாக வருகிறது. ஆங்கிலம் இந்த மரியாதையை வினையில் காட்டுவதில்லை. முதலாளியாக இருந்தாலும், பாட்டியாக இருந்தாலும், ஆள் ஒருவர் என்றால் 'ஸ்' உண்டு: "மை மேனேஜர் கம்ஸ் அட் நைன்." "மை கிராண்ட்மதர் லிவ்ஸ் வித் அஸ்." இன்னொன்று 'எல்லோரும்'. நமக்கு அது பன்மை. ஆங்கிலத்தில் 'எவ்ரிபடி' ஒருமையாகவே நடக்கும்: "எவ்ரிபடி நோஸ்."

எழுத்தில் இந்த விகுதி எப்படி வரும் என்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வினைகளுக்கு எஸ் மட்டும் போதும். ஸ், ஷ், ச் போன்ற ஒலியில் முடியும் வினைகளுக்கும், 'கோ', 'டூ' போன்றவற்றுக்கும் ஈ, எஸ் இரண்டும் வரும். மெய்யெழுத்தை அடுத்து ஒய் வந்து முடிந்தால் அந்த ஒய் ஐ ஆக மாறி ஈஎஸ் சேரும்: 'கேரி' 'கேரீஸ்' ஆகும். உயிரெழுத்தை அடுத்த ஒய் அப்படியே இருக்கும். 'ஹேவ்' மட்டும் 'ஹேஸ்' ஆகும். ஒலியில், 'பேக்ஸ்', 'கட்ஸ்' என்பவற்றில் காற்றாக வரும் 'ஸ்'. 'ஃபோல்ட்ஸ்', 'அயர்ன்ஸ்' என்பவற்றில் தொண்டை அதிர, வண்டு இரைவதுபோல் வரும். 'ஸ்டிச்சஸ்', 'பிரெஸ்ஸஸ்' என்பவற்றில் ஓர் அசையே கூடும். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே நாளில் எல்லாம் வர வேண்டியதில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. "ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டேண்டிங்" என்று நம்மவர் பலர் பேசுகிறார்கள். சில வினைகளுக்கு 'இங்' வராது என்று சொல்லி நீளமான பட்டியல் ஒன்றைத் தருவார்கள். தமிழ் தெரிந்தவருக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. தமிழில் எந்தக் கருத்தை 'நான்' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்குகிறோமோ, அங்கே பெரும்பாலும் 'இங்' வராது. எனக்குத் தெரியும்: "ஐ நோ." எனக்குப் பிடிக்கும்: "ஐ லைக்." எனக்கு வேண்டும்: "ஐ வான்ட்." எனக்குத் தேவை: "ஐ நீட்." எனக்குப் புரிகிறது: "ஐ அண்டர்ஸ்டேண்ட்." எனக்கு நினைவிருக்கிறது: "ஐ ரிமெம்பர்." எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்: "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்."

ஏன் இப்படி? தெரிவதும் பிடிப்பதும் புரிவதும் நாம் கையைக் காலை அசைத்துச் செய்கிற செயல்கள் அல்ல. நம்மிடம் வந்து தங்கியிருக்கும் நிலைகள். தமிழ் அதை உணர்ந்து 'நான்' என்பதை விலக்கி 'எனக்கு' என்று வைத்தது. ஆங்கிலம் அதையே உணர்ந்து 'இங்' என்பதை விலக்கியது. இந்த வழி முழுவதும் பொருந்தாது. 'நம்புகிறேன்' என்பது 'நான்' என்று தொடங்கினாலும் "ஐ பிலீவ்" என்றே வரும். 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கு "ஐ ஆம் ஹங்கிரி" என்று வேறு அமைப்பு. ஆனாலும் தொடக்க நிலையில் அன்றாடம் தேவைப்படும் வினைகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடுகின்றன. "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" என்று சொல்வது சரி. அங்கே 'ஹேவ்' என்பதற்குச் சாப்பிடுதல் என்று பொருள், அது செயல்.

'ஆம், இஸ், ஆர்' பற்றியும் ஒன்று. 'நான்' என்றாலே 'ஐ ஆம்' என்று பலருக்குப் பதிந்துவிட்டது. அதனால் "ஐ ஆம் வொர்க் இன் திருப்பூர்" என்று வருகிறது. 'ஆம்' என்பதும் வெறும் 'வொர்க்' என்பதும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து உட்காராது. வேறு வினை இல்லாத இடத்தில்தான் 'ஆம், இஸ், ஆர்' தனியாக வரும்: "ஐ ஆம் எ செக்கர்." "ஹி இஸ் எ சூப்பர்வைசர்." தமிழில் "அவர் சூப்பர்வைசர்" என்று வினையே இல்லாமல் முடித்துவிடலாம் என்பதால், ஆங்கிலத்திலும் அந்த 'இஸ்' விடுபட்டுப்போகும், கவனியுங்கள். இவை இருக்கும் வாக்கியத்தில் கேள்விக்கு 'டூ' தேவையில்லை. "ஆர் யூ ரெடி?" என்றால் சரி, "டூ யூ ரெடி?" என்றால் தவறு. அதுபோலவே "டூ யூ நோ?" சரி, "ஆர் யூ நோ?" தவறு.

'ஆல்வேஸ்', 'யூஷுவலி', 'சம்டைம்ஸ்', 'நெவர்' போன்ற சொற்கள் இந்த வடிவத்தோடு நன்றாகச் சேரும். வினைக்கு முன்னால் வையுங்கள்: "ஐ ஆல்வேஸ் செக் தி காலர்." 'ஆம், இஸ், ஆர்' வந்தால் அதற்குப் பின்னால்: "ஷி இஸ் நெவர் லேட்." ரயில், பஸ் புறப்படும் நேரம் நாளைக்கானதாக இருந்தாலும் இதே வடிவம் வரும்: "தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ." நாமும் "நாளை ஆறு மணிக்குப் புறப்படுகிறது" என்றுதானே சொல்கிறோம். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

பயிற்சிக்குப் புத்தகம் வாங்க வேண்டாம். ஒரு சட்டை உங்கள் நிறுவனத்தில் எப்படி உருவாகிறது என்று தொடக்கத்திலிருந்து கடைசிவரை சொல்லுங்கள். வேலை நடக்கும் முறையை விளக்க ஆங்கிலம் இந்த வடிவத்தையே கையாளும், தவிர அந்த வரிசை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "தி மாஸ்டர் கட்ஸ் தி ஃபேப்ரிக். தி டெய்லர் ஸ்டிச்சஸ் தி பீசஸ். ஐ செக் எவ்ரி பீஸ். மை ஃப்ரெண்ட் அயர்ன்ஸ் அண்ட் ஃபோல்ட்ஸ். எனதர் கேர்ள் பேக்ஸ்." அடுத்த நாள் இதே வாக்கியங்களைக் கேள்வியாக்குங்கள்: "ஹூ கட்ஸ் தி ஃபேப்ரிக்? டஸ் தி டெய்லர் ஸ்டிச் தி லேபிள்?" 'யார்' என்று கேட்கும்போது மட்டும் 'டஸ்' வராது, 'ஸ்' வினையிலேயே தங்கிவிடும், முதல் கேள்வியைப் பாருங்கள். மூன்றாம் நாள் மறுப்பு: "ஐ டோன்ட் அயர்ன். ஷி டஸன்ட் ஸ்டிச்." தினமும் பத்து நிமிடம், வேலைக்குப் போகும் வழியில், தோழி ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எழுதிப் பார்ப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். உங்களுக்குத் தடை வாயில்தான் இருக்கிறது.

அந்தப் பையர் அடுத்த முறை வந்து உங்கள் மேசையருகே நின்று "வாட் டூ யூ டூ?" என்று கேட்டால், கையில் இருக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லுங்கள்: "ஐ வொர்க் இன் தி செக்கிங் செக்ஷன். ஐ செக் எவ்ரி பீஸ். ஐ லுக் ஃபார் ஹோல்ஸ், ஸ்டெயின்ஸ் அண்ட் லூஸ் த்ரெட்ஸ். இஃப் ஐ ஃபைண்ட் எ ஹோல், ஐ டோன்ட் பாஸ் இட்."